மூளையுறை அழற்சியும் குழந்தைத் தடுப்பூசியும்

மூளையையும் முண்ணாணையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைகளில் உண்டாகும் அழற்சியே மூளையுறை அழற்சி எனப்படும். மருத்துவர் இதனை மெனிஞ்சைற்றிசு என்பர். பொதுமக்கள் வழக்கில் மூளைக்காய்ச்சல் என்ற பெயரும் உண்டு. ஆயின் அப்பெயர் மூளைத் திசுவையே தாக்கும் வேறு நோய்களுக்கும் வழங்குவதாதலின் ஈண்டு விலக்கப்படுகின்றது. வைரசுகளாலும் பங்கசுக்களாலும் இந்நோய் வருவதுண்டாயினும், பற்றீரியாக்களால் வருவதே கொடியது. மெனிங்கோகொக்கசு, நியூமோகொக்கசு, ஈமோபிலசு இன்புளுவென்சா பி வகை என்னும் மூன்றுமே நெடுங்காலமாகக் குழந்தைகளின் முதன்மையான பகைவர்களாக இருந்து வந்தன. இறுதியிற் கூறியதை மருத்துவர் சுருக்கமாக ஹிப் என்பர்.

இக்கிருமிகள் எங்கோ சேற்றிலும் குப்பையிலும் பதுங்கியிருப்பன அல்ல. நல்ல உடல்நலத்தோடு உலாவுவோரின் மூக்கிலும் தொண்டையிலும் எவ்விதத் தீங்கும் செய்யாது குடியிருப்பன. நூற்றுக்கணக்கானோரின் தொண்டையில் வாளாவிருந்த கிருமி, யாரோ ஒரு குழந்தையில் மட்டும் குருதியுட் புகுந்து மூளையுறையை அடைகின்றது. காலையிற் காய்ச்சலும் வாந்தியுமாகத் தோன்றியது, மறுநாட் பொழுது விடியுமுன் உயிரைக் கொண்டு போதலும் உண்டு.

1805ஆம் ஆண்டில் ஜெனீவா நகரிற் பரவிய இந்நோயை வியூசோ என்னும் மருத்துவர் முதன்முதலில் தெளிவாக விவரித்தார். 1887இல் வியன்னாவில் வைக்செல்பவும் என்பவர் மெனிங்கோகொக்கசுவை நோயாளரின் மூளைய முண்ணாண் பாய்பொருளினின்றும் பிரித்தெடுத்தார். அக்காலத்தில் இந்நோயுற்றோரிற் பெரும்பாலோர் இறந்தனர். குதிரையின் குருதியிலிருந்து எடுத்த சீரத்தை முண்ணாணைச் சூழ்ந்த பாய்பொருளிற் செலுத்தி, இறப்பு விகிதத்தை மூன்றிலொன்றளவிற்குக் குறைக்கலாம் என்பதை அமெரிக்க அறிஞர் சைமன் பிளெக்சினர் 1913இற் காட்டினார். பின்னர்ச் சல்பா மருந்துகளும் பெனிசிலினும் வந்தன. நோய் இனி வெல்லப்பட்டது எனப் பலரும் கருதினர்.

அக்கருத்துப் பிழையாயிற்று. மருந்து கிருமியைக் கொல்லும். ஆனால் கிருமி ஏற்கனவே விளைத்த கேட்டை மாற்றாது. இன்றுங்கூடப் பற்றீரிய மூளையுறை அழற்சியுற்றோரில் ஏறத்தாழ அறுவரில் ஒருவர் இறக்கின்றனர் என்றும், ஐவரில் ஒருவர் கடுமையான பின்விளைவுகளை அடைகின்றனர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. செவிடு, வலிப்பு, அறிவு வளர்ச்சிக் குறைவு, கைகால் இழப்பு என்பன அப்பின்விளைவுகள். பேசக் கற்குமுன்னரே கேள்வியை இழந்த குழந்தைக்குச் சொல்லே தொலைந்துவிடுகின்றது. ஆதலின் வந்தபின் தீர்ப்பதினும் வருமுன் காத்தலே வழி என்பது தெளிவாயிற்று.

காத்தல் எளிதாக இருக்கவில்லை. ஹிப் கிருமியின் வரலாறே ஒரு பிழையோடு தொடங்கியது. 1892இல் இதனைக் கண்ட பைபர் இதுவே இன்புளுவென்சாக் காய்ச்சலின் காரணம் என எண்ணினார். காரணம் ஒரு வைரசு என்பது பின்னர்த் தெரிந்தபோதும், இட்ட பெயர் இட்டபடியே நின்றது. 1931இல் மார்கரெற் பிற்மன் என்னும் அம்மையார் இக்கிருமியில் உறையுள்ளனவும் உறையற்றனவும் உண்டு என்றும், உறையுள்ளவற்றுள் பி வகையே குழந்தைகளின் மூளையுறையைத் தாக்குகின்றது என்றும் காட்டினார். அவ்வுறை பல்சக்கரைட்டு என்னும் சர்க்கரைத் தொடரால் ஆனது. அதனை எதிர்க்கும் பிறபொருளெதிரி உடலில் இருந்தால் நோய் அணுகாது. எனவே அச்சர்க்கரையைப் பிரித்தெடுத்து ஊசியாக ஏற்றினால் என்ன?

1985இல் ஐக்கிய அமெரிக்காவில் அத்தகைய ஊசி நடைமுறைக்கு வந்தது. ஆயின் பதினெட்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் அது பயன் தரவில்லை. வெறுஞ் சர்க்கரையைப் பகையென்று உணரும் ஆற்றல் சிசுவின் உடலுக்கு இல்லை. தாயிடமிருந்து பெற்ற பிறபொருளெதிரிகள் சில மாதங்களில் தேய்ந்து போக, தானே ஆக்கும் ஆற்றல் இரண்டாம் வயதளவிலேயே முதிர்கின்றது. இடைப்பட்ட அக்காலமே நோய் மிகுதியாகத் தாக்கும் காலம். காவல் மிக வேண்டிய வயதிற் காவல் இல்லை என்றாயிற்று.

இம்முடிச்சை அவிழ்க்கும் வழி பழைய ஆராய்ச்சி ஒன்றில் இருந்தது. சர்க்கரையைப் புரதம் ஒன்றோடு பிணைத்துவிட்டால் உடல் அதனை நன்கு அறிந்துகொள்ளும் என்பதை ஏவரி, கோபல் என்போர் 1929ஆம் ஆண்டளவில் விலங்குகளிற் கண்டிருந்தனர். அரிச்சுவடியில் எழுத்தை மட்டும் நோக்காத பிள்ளை, அருகே யானையின் படம் இருக்க அவ்வெழுத்தையும் மனத்திற் பதித்துக்கொள்வது போன்றதே இது. ரொபின்சு, இரேச்சல் சினியர்சன் என்போர் ஓரிடத்திலும், போட்டர் அண்டர்சன், டேவிட் சிமித் என்போர் வேறோரிடத்திலுமாக இம்முறையை ஹிப் கிருமிக்குப் பயன்படுத்தினர். இந்நால்வருக்கும் 1996இல் லாசுக்கர் பரிசு வழங்கப்பட்டது. 1987இல் அமெரிக்காவிற் சற்றே வளர்ந்த குழந்தைகளுக்கும், 1990இல் இரண்டு மாதச் சிசுக்களுக்கும் இணைப்பு ஊசி ஏற்பட்டது. அதற்குமுன் அந்நாட்டில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 20,000 குழந்தைகள் கடும் ஹிப் நோய்க்கு ஆளாகினர். ஏறத்தாழ 1,000 குழந்தைகள் இறந்தனர். சில ஆண்டுகளுள் நோய் நூற்றுக்கு 99 பங்கு குறைந்தது. புதிய தலைமுறை மருத்துவர் பலர் இந்நோயை நூலிலன்றி நேரிற் காணாதவராயினர்.

இவ்வீழ்ச்சியில் வியப்பான ஒரு கூறும் உண்டு. ஊசி பெறாத குழந்தைகளிலுங்கூட நோய் குறைந்தது. புதிய ஊசி குருதியைக் காப்பதோடமையாது தொண்டையிலுள்ள கிருமிக் குடியிருப்பையும் கலைத்துவிடுதலே இதற்குக் காரணம். 1999இற் பிரித்தானியா சீ பிரிவு மெனிங்கோகொக்கசுக்கு எதிரான இணைப்பு ஊசியை முதன்முதலாக ஏற்படுத்தியபோதும் இதுவே நிகழ்ந்தது. தன் பிள்ளைக்கு ஊசி போடுவிக்கும் தாய், தான் அறியாத அயல்வீட்டுச் சிசுவையும் காக்கின்றாள்.

செல்வ நாடுகளில் நிகழ்ந்தது வறிய நாடுகளிலும் நிகழுமா என்னும் ஐயத்தைத் தீர்த்தது மேற்காபிரிக்காவிலுள்ள கம்பியா என்னும் சிறிய நாடு. 1993 முதல் 1995 வரை அங்கு 42,848 சிசுக்கள் ஒரு சோதனையிற் சேர்க்கப்பட்டனர். மூளையுறை அழற்சி தடுக்கப்பட்டதோடு, கதிர்ப்படத்திற் காணத்தக்க நுரையீரல் அழற்சியும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்தது. 1997இல் ஊசி எல்லாச் சிசுக்களுக்குமாயிற்று. அதற்குமுன் ஒரு வயதுக்குட்பட்ட இலட்சம் குழந்தைகளில் ஆண்டுக்கு 200இற்கு மேற்பட்டோரைப் பற்றிய ஹிப் மூளையுறை அழற்சி, 2002இல் ஒருவரையும் பற்றவில்லை. இடையிடையே ஊசிமருந்து தட்டுப்பட்டபோதும் இப்பயன் விளைந்தமை கருதத்தக்கது.

இலங்கையில் ஹிப் ஊசி 2008இல் ஐந்து நோய்க்காவல்களையும் ஒன்றாகச் சேர்த்த ஐங்கூட்டு ஊசியின் உறுப்பாக வந்தது. வந்த சில மாதங்களில், ஊசி பெற்ற பின் சில குழந்தைகள் இறந்த செய்தி எழ, அரசாங்கம் அதனை நிறுத்தி வைத்து வல்லுநரைக் கொண்டு ஆராய்வித்தது. ஆராய்ச்சியின் பின் 2010இல் அது மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ஊசியின் பின் நிகழ்ந்ததெல்லாம் ஊசியால் நிகழ்ந்தது ஆகாது. எனினும் மகவை இழந்த தாய்க்கு அந்த வேறுபாட்டை வாய்ச்சொல்லால் உணர்த்த முடியாது. நிறுத்தி ஆராய்ந்தமை காலத்தை வீணாக்கியது என்று கூறுவாரும் உளர். அஃது ஒப்பத்தக்கதன்று. மக்களின் நம்பிக்கையின்றி எவ்வூசியும் குழந்தையைச் சென்றடையாது.

செனகல் முதல் எதியோப்பியா வரை ஆபிரிக்காவின் குறுக்கே கிடக்கும் மூளையுறை அழற்சி வலயத்தின் கதை வேறு. அங்கு வறண்ட காற்று வீசும் மாதங்களில் ஏ பிரிவு மெனிங்கோகொக்கசு கொள்ளைநோயாய் எழும். 1996–97இல் 250,000இற்கு மேற்பட்டோர் நோயுற, ஏறத்தாழ 25,000 பேர் மாண்டனர். இதற்கென ஓர் ஊசியை ஆக்கும் முயற்சி 2001இல் தொடங்கியது. விலை ஐம்பது அமெரிக்கச் சதத்துக்கு மேற்படின் தங்களால் வாங்க இயலாது என ஆபிரிக்கச் சுகாதார அதிகாரிகள் தெளிவாகக் கூறினர். இந்தியாவிற் பூனா நகரிலுள்ள சீரம் நிறுவனம் அவ்விலைக்குள் அதனை ஆக்கிக் கொடுத்தது. விலையை முன்னர் வகுத்து மருந்தைப் பின்னர் ஆக்கியமை மருத்துவ வரலாற்றில் அரிது. 2010 டிசம்பரில் புர்க்கினா பாசோவில் ஒரு வயது முதல் இருபத்தொன்பது வயது வரையுள்ள ஒரு கோடிக்கு மேற்பட்டோர் இவ்வூசியைப் பெற்றனர். பின்னர் அயல்நாடுகளுக்கும் பரவி, சிசுக்களின் வழமையான ஊசி அட்டவணையிலும் சேர்ந்தது. 2017இன் பின் அவ்வலயத்தில் ஏ பிரிவு நோய் உறுதிசெய்யப்படவில்லை.

இத்துணை வெற்றிகளுக்குப் பின்னும், 2019இல் உலகெங்கும் ஏறத்தாழ 236,000 பேர் மூளையுறை அழற்சியால் இறந்தனர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அவர்களில் ஏறத்தாழ 112,000 பேர் ஐந்து வயதுக்குட்பட்டோர். ஏனைய தடுப்பூசி நோய்களின் வீழ்ச்சியோடு ஒப்பிடின் இந்நோயின் வீழ்ச்சி மெதுவானதே. கிருமிகளின் பிரிவுகள் பலவாதல் ஒரு காரணம். பிறந்த சின்னாட்களிற் சிசுவைத் தாக்கும் வேறு கிருமிகளுக்கு வழமையான ஊசி இன்மை மற்றொன்று. ஏ பிரிவு மறைந்த இடத்தில் நைஜீரியாவிற் சீ பிரிவு எழுந்து, 2017ஆம் ஆண்டுக் கொள்ளைநோயில் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. ஏ, சீ, டபிள்யூ, வை, எக்சு என்னும் ஐந்து பிரிவுகளையும் ஒருங்கே தடுக்கும் புதிய ஊசியும் பூனாவிலேயே ஆக்கப்பட்டது. 2024இல் அதனை உலகில் முதன்முதலாக ஏற்ற நாடும் நைஜீரியாவே.