எஸ்.டி.டி. பூத்தும் பிறந்த ஆண்டும்

கண்ணாடிக் கூண்டுக்குள் அப்பா பேசிக்கொண்டிருப்பார். மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடும். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நானும் அக்காவும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம். ராத்திரி கட்டணம் குறைந்த பிறகுதான் பம்பாய்ச் சித்தப்பாவுக்குப் போன் போடுவது வழக்கம். பத்து வருஷம்கூட ஆகவில்லை, கல்லூரி விடுதியில் என் சட்டைப்பையில் ஒரு நோக்கியா இருந்தது.

நான் 1982இல் பிறந்தவன். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 1981 முதல் 1996 வரை பிறந்தவர்களை மில்லினியல் என்கிறது. அந்தக் கணக்குப்படி 1995இல் பிறந்த சித்தி மகளும் நானும் ஒரே தலைமுறை. 1978இல் பிறந்த அக்கா வேறு தலைமுறை, ஜென் எக்ஸ். ஆனால் சிக்கிய கேசட் நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்றியது அக்காவும் நானும்தான்.

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. அடுத்த மாதம் 15ஆம் தேதி அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. எனக்கு அப்போது 13 வயது. சித்தி மகள் கைக்குழந்தை. ஒரே நிகழ்ச்சி எந்த வயதில் நம்மை வந்து தொடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பத்து வயதிலிருந்து முப்பது வரையிலான நினைவுகளே பிற்காலத்தில் அதிகம் மேலெழும் என்று உளவியலாளர்கள் கண்டிருக்கிறார்கள். இரு தலைமுறைகளின் எல்லையில் பிறந்தவர்களுக்கு அந்த நினைவு அடுக்கிலேயே பூத்தும் இருக்கிறது, செல்போனும் இருக்கிறது.

சமூகவியலாளர் கார்ல் மான்ஹைம் 1928இலேயே இதை யோசித்தார். ஒரே ஆண்டில் பிறந்தால் மட்டும் ஒரே தலைமுறை ஆகிவிடாது, ஒரே வரலாற்றுச் சூழலிலும் இருக்க வேண்டும் என்றார். 1800 வாக்கில் சீனாவில் இருந்த இளைஞரையும் ஜெர்மனியில் இருந்த இளைஞரையும் ஒன்றாகச் சேர்க்க முடியாது என்பது அவர் சொன்ன உதாரணம். அமெரிக்க ஆண்டுக்கணக்கை அப்படியே எடுத்து நம் பிள்ளைகள்மேல் ஒட்டுகிறவர்கள் அவரைப் படிக்க வேண்டும்.

புள்ளியியலிலும் ஒரு முடிச்சு உண்டு. வயது, நடப்புக் காலம், பிறந்த ஆண்டு மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானே வந்துவிடும். அதனால் ஒருவரின் பழக்கம் வயதால் வந்ததா, காலத்தால் வந்ததா, தலைமுறையால் வந்ததா என்று வெறும் எண்களை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. 2023இல் பியூ மையமே தலைமுறைப் பெயர்களை இனிக் கவனமாகத்தான் பயன்படுத்துவோம் என்று அறிவித்தது.

ஆய்வுப் படிவத்தில் பிறந்த ஆண்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வியும் வேண்டும் என்று நினைக்கிறேன்: உங்கள் கைக்குச் சொந்தமாகப் போன் வந்தது எப்போது? எனக்கு 20 வயதில். அக்காவுக்குக் கல்யாணமாகி, முதல் குழந்தை பிறந்த பிறகு, 28 வயதில். ஒரே வீடுதான்.