வேலிக்கு ஏற்ற செடி எது?

வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் முடிந்த கையோடு நம்மவர்கள் கவனிப்பது சுற்றுவேலியை. மதில் எழுப்பப் பணம் போதாதவர்களும், மதில் இருந்தாலும் உள்பக்கம் கொஞ்சம் பச்சை வேண்டும் என்பவர்களும் நர்சரிக்குப் போகிறார்கள். அங்கே முதலில் எடுத்துக் காட்டப்படுபவை மஞ்சள் இலை டுரான்டா, அக்காலிஃபா, குரோட்டன்ஸ் ஆகிய மூன்றும்தான். அண்மைக் காலத்தில் கோனோகார்ப்பஸ் நான்காவதாகச் சேர்ந்திருக்கிறது. எல்லாம் பார்வைக்கு அழகுதான். ஆனால் சித்தூர், திருப்பதி வட்டாரத்து மண்ணுக்கும் வெயிலுக்கும், வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் இவை ஏற்றவையா என்று விசாரிப்பவர் குறைவு. பல ஆண்டுகளாக இங்கே குடியிருந்து, தோட்டத்தில் கை வைத்துப் பழகியவன் என்ற முறையில் சில செய்திகளை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் ஒரு பழைய வரலாறு. நமக்குப் பக்கத்திலுள்ள கடப்பை மாவட்டம் அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. 1877ஆம் ஆண்டு அம்மாவட்டத்துக் கமலாபுரம் பகுதியில் வனத்துறையினர் ஜமைக்காவிலிருந்து வரவழைத்த ஒரு விதையை விதைத்தார்கள். வறண்ட நிலத்தில் விறகு கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். முள் இருந்ததால் மக்கள் அதையே வேலிக்கும் வைத்துக்கொண்டார்கள். தமிழில் அதற்கு 'வேலிகாத்தான்' என்றே பெயர் வந்தது. சீமைக்கருவேலம் என்பதும் அதுவே. தெலுங்கில் சர்க்கார் தும்மா. அதன் காயை ஆடுமாடுகள் தின்று, சாணத்தோடும் புழுக்கையோடும் விதையைப் போகுமிடமெல்லாம் பரப்பின. இன்று ஏரிகளிலும் ஓடைக்கரைகளிலும் அது மண்டிக் கிடப்பதைப் பார்க்கிறோம். வேலியைக் காக்க வந்தது நிலத்தையே பிடித்துக்கொண்டது.

உண்ணிச்செடியின் கதையும் இதுபோன்றதே. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்கும் வேலிக்குமாக நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது, இப்போது காடுகளுக்குள் புகுந்துவிட்டது. கோனோகார்ப்பஸைக் குஜராத் அரசு 2023இல் நர்சரிகளிலும் வனப் பகுதிகளிலும் வளர்க்கத் தடை விதித்ததையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே செடி வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது. முதல் கோடையைத் தாண்டியபின் ஊற்றாத தண்ணீரில் பிழைக்குமா? குழந்தை ஒரு காயைப் பறித்து வாயில் போட்டால் ஆபத்து உண்டா? நம் வேலியைத் தாண்டி ஊர் நிலத்தில் பரவுமா?

இரண்டாவது கேள்வி மிக முக்கியம். எங்கள் தெருவில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று, கத்தரிக்காமல் விட்டிருந்த டுரான்டாவின் மஞ்சள் பழங்களைத் தின்றுவிட்டு, வாந்தி எடுத்து ஓர் இரவு முழுவதும் மருத்துவமனையில் இருந்தது. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டது. அந்தப் பழம் நச்சு என்பது தெருவில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பூசைக்குப் பூ வேண்டும் என்று நாம் வைக்கும் அரளியும் நச்சுச் செடியே. மஞ்சள் அரளியின் விதையோ இதயத்தை நிறுத்திவிடக்கூடியது. திருகுகள்ளியின் பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இவற்றை வேலியாக வைக்கவே கூடாது என்பது என் கருத்து.

இனி, இம்மூன்று கேள்விகளுக்கும் நல்ல பதில் தரும் செடிகளைப் பார்ப்போம். இவை நம் பாட்டன்மார் அறிந்தவை. இப்போது வீட்டு வேலிகளில் அரிதாகிவிட்டவை. நர்சரியில் கேட்க வசதியாகத் தெலுங்குப் பெயர்களையும் தருகிறேன்.

களா: தெலுங்கில் வாக்காய். பசுமை மாறாத முட்செடி. இரண்டு மூன்று ஆண்டுகளில் மாடு நுழைய முடியாத வேலியாகிவிடும். 1870களில் ஆங்கிலேயர் உப்புக் கடத்தலைத் தடுக்க வட இந்தியாவில் நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்கு உயிர்வேலி வளர்த்தார்கள். 1879இல் அது கைவிடப்பட்டது. அந்த வேலியில் இலந்தை, கருவேலம், கள்ளி இவற்றோடு களாவும் இருந்தது. களாக்காய் ஊறுகாயை அறியாத தமிழ்க் குடும்பம் இராது. இங்குள்ளவர்கள் பருப்பிலும் புளிஹோராவிலும் புளிக்குப் பதிலாகச் சேர்க்கிறார்கள். பேக்கரிக் கேக்கின் மேல் 'செர்ரி' என்று சிவப்பாக வைப்பதும் பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிய களாக்காய்தான்! பழத்திலிருந்து எடுத்த விதையை உடனே விதைத்துவிட வேண்டும். நாள் கடந்தால் முளைக்காது.

நொச்சி: தெலுங்கில் வாவிலி. மதிலைக் காக்கும் வீரர் நொச்சிப் பூச் சூடியதைப் புறப்பொருள் இலக்கணம் 'நொச்சித் திணை' என்று கூறும். அந்த நொச்சி நம் வீட்டு மதிலையும் காக்கட்டுமே. பென்சில் கனத்தில் ஒரு சாண் போத்து வெட்டி ஈரமண்ணில் நட்டால் வேர்விடும். ஆடுகள் கடிப்பதில்லை. சளி பிடித்தால் ஆவி பிடிக்க இலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

ஆடாதோடை: தெலுங்கில் அட்டசரம். பெயரே சொல்கிறது, ஆடு தொடாது. வெள்ளைப் பூவும் அகன்ற இலையுமாக மார்பளவு அடர்ந்து நிற்கும். இதையும் போத்து வைத்தே வளர்க்கலாம். ஓரளவு நிழலையும் தாங்குவதால் மரத்தடியில் செல்லும் வேலிக்கு ஏற்றது.

விராலி: தெலுங்கில் பந்தாரு. திருமலைக் காடுகளில் கல்லுக்கும் பாறைக்கும் நடுவே தானே வளர்ந்து நிற்பது. நம் மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான செடி தேட வேண்டியதில்லை. ஆஸ்திரேலியா முதல் அமெரிக்கா வரை வெப்ப நாடுகள் பலவற்றிலும் வளர்கிறது. பல இடங்களில் வேலிக்கும் வைக்கிறார்கள். கால்நடை தின்னாது. விதையை வெந்நீரில் போட்டு ஓர் இரவு ஊறவைத்து விதைக்க வேண்டும். காட்டிலிருந்து செடியைப் பிடுங்கி வருவது சட்டப்படி குற்றம். நர்சரியில் சொல்லி வைத்து வாங்குங்கள்.

மருதாணி: தெலுங்கில் கோரிண்டாக்கு. கத்தரிக்கக் கத்தரிக்க நெருக்கமாகும். வறட்சி தாங்கும். ஆடி மாதத்தில் தெலுங்குப் பெண்கள் கோரிண்டாக்கு வைத்துக்கொள்வது வழக்கமாதலால், அக்கம்பக்கத்தார் கேட்டு வாங்கிப் போவார்கள். வேலியே உறவை வளர்க்கும்!

முள்கிளுவை: காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி நிற்பது இதுதான். ஊருக்கு வெளியே தோட்டமோ மனையோ வாங்கியிருப்பவர்களுக்கு ஏற்றது. கொங்கு நாட்டில் உறவினர் இருந்தால் போத்து கேட்டு வாங்கி வரலாம்.

மலையடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழம் இருந்தால் குரங்குகள் தேடி வரும். அவர்கள் களாவை விட்டுவிட்டு நொச்சி, ஆடாதோடை, விராலி ஆகியவற்றை வைப்பதே மேல்.

நடும் முறை கடினமன்று. நம் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் ஏறக்குறையச் சமமாகக் கிடைக்கின்றன. ஆடியில் ஓரடி அகலமும் ஒன்றரையடி ஆழமுமாகப் பள்ளம் எடுத்து, மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்ப வேண்டும். முதல் நல்ல மழைக்குப் பின் நட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் ஊன்றிக்கொள்ளும். ஒரே வரிசையாக இல்லாமல் இரண்டு வரிசையாக, ஒன்றின் இடைவெளியில் மற்றது வருமாறு வையுங்கள். மருதாணிக்கு ஓரடியும், ஆடாதோடை, நொச்சிக்கு ஒன்றரையடியும், களாவுக்கு இரண்டடியும் இடைவெளி போதும்.

செடி முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். 'வளர்கிற செடியை வெட்டுவதா' என்று மனம் வராது. ஆனால் அப்போது வெட்டினால்தான் அடியிலிருந்து கிளை விடும். இல்லாவிட்டால் மேலே தழையும் கீழே ஓட்டையுமாக நிற்கும்; கோழியும் நாயும் சுகமாக வந்து போகும். பிறகு வெட்டும்போதெல்லாம் அடி அகலமாகவும் மேல் சற்றுக் குறுகலாகவும் வெட்டினால் வெயில் அடிக்கிளை வரை படும். முதல் கோடையில் வாரம் இருமுறை தண்ணீர் விட்டு, அடியில் சருகைப் பரப்பி வையுங்கள். அடுத்த ஆண்டு முதல் தண்ணீர் லாரியை எதிர்பார்க்க வேண்டியிராது.

இச்செடிகளின் பெயர்கள் இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. வேலி போடும் நாளில் அவர்களையும் அழைத்து ஆளுக்கு ஒரு போத்து நடச் சொல்லுங்கள்; தமிழில் ஒரு பெயரும் தெலுங்கில் ஒரு பெயரும் கற்றுக்கொள்வார்கள். எங்கள் வீட்டு நொச்சியும் ஆடாதோடையும் ஆண்டுதோறும் வெட்ட வேண்டிய அளவுக்கு வளர்ந்திருக்கின்றன. ஆடி மாதச் சங்கக் கூட்டத்துக்குப் போத்துகளைக் கட்டிக் கொண்டு வருகிறேன். வேண்டுவோர் ஈரச் சாக்குப்பையோடு வந்து எடுத்துச் செல்லலாம். களாவோ முள்கிளுவையோ வைத்திருக்கும் அன்பர்களும் அவ்வாறே கொண்டு வந்தால் எல்லோருக்கும் உபகாரமாக இருக்கும்.