யானைப் பாகரிடம் கேட்ட கேள்வி

ஆங்கிலேயர் காலத்தில் ஆனைமலையில் வெட்டிய தேக்கு மரங்களை மேலிருந்து சறுக்கிவிட்ட இடம் என்பதால் டாப்சிலிப் என்ற பெயர் வந்தது. விடுமுறையில் மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றேன். காட்டு நடை முடிந்ததும், “பழங்குடியினர் நடனம் எப்போது சார்?” என்றனர். சுற்றுலா விளம்பரங்கள் பழக்கிவிட்ட எதிர்பார்ப்பு!

கோழிகமுத்தி யானைகள் முகாமின் பாகர்களில் பலர் மலசர் இனத்தவர். யானைக்கு மதம் வருவதை எப்படி அறிகிறீர்கள் என்று அவர்களிடம் கேட்கச் சொன்னேன். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள சுரப்பி வீங்கி நீர் கசியும் என்றார் ஒருவர். அவர் பேச்சில் எங்களுக்குப் புரியாததை விளக்கியவன், வகுப்பில் வாய் திறக்காத மலசர் மாணவன். பள்ளி திறந்ததும் சுரப்பிகள் பாடத்தை அவனைக்கொண்டே தொடங்கினேன்.

செல்வோர் வனத்துறை அனுமதியை முன்கூட்டியே பெறுங்கள். கேள்விகளைப் பள்ளியிலேயே எழுதவையுங்கள்.