விடுதி அறையில் ஒரு வியாபாரம்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், பிள்ளைச்சாவடியைத் தாண்டிக் காலாப்பட்டு. 1985-ல் தோன்றிய பல்கலைக் கழகம் அங்கேதான் இருக்கிறது. பிள்ளைச்சாவடியில் 1984-ல் தொடங்கிய பொறியியல் கல்லூரி, 2020-ல் தொழில்நுட்பப் பல்கலைக் கழகமாயிற்று. புதுத்தொழில் தொடங்குவோருக்கென அடல் இன்குபேஷன் மையம் ஒன்றும் அங்கே உண்டு.

"படிக்கிற பிள்ளைக்கு வியாபாரம் எதற்கு?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சர்க்காரோ 2019-லேயே இதற்கென ஒரு கொள்கை வகுத்துவிட்டது. கல்லூரி முகவரியிலேயே கம்பெனியைப் பதிவு செய்ய அனுமதி கொடுக்கலாம். வருகைப் பதிவு குறைந்தாலும், அனுமதி பெற்றுப் பரீட்சை எழுதவிடலாம் என்றெல்லாம் அது சொல்கிறது. நல்லதுதான். ஆனால் கணக்கு எழுதச் சொல்லிக் கொடுப்பது யார்?

ஒரு மாணவன் பெயர் அச்சடித்த பனியன் விற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அடக்கம் 200 ரூபாய், விலை 250. நாற்பது பனியனுக்கு 2,000 ரூபாய் லாபம் என்று குதிக்கிறான். இரண்டில் அச்சு கோணிவிட்டது. ஆறு சிநேகிதர்கள் "அப்புறம் தருகிறேன்" என்று வாங்கிப் போனார்கள். கைக்கு வந்தது 32 பனியனின் விலை, 8,000 ரூபாய். போட்ட முதலும் அதே 8,000! பஸ் கட்டணமும் இரவு கண் விழித்த உழைப்பும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

சிநேகிதனிடம் கடனை வசூலிப்பது எப்படி என்று எந்தப் பாடப் புத்தகமும் சொல்லாது. பேராசிரியரைவிடப் பெரிய மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவருக்கு அது நன்றாகத் தெரியும். மாதம் ஒருமுறை அவரைக் கல்லூரிக்கு அழைத்து, மாணவர்களின் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கச் சொல்லலாமே!

தொழில் பெரிதானால் விவகாரமும் பெரிதாகும். இடமும் உதவியும் தரும் கல்லூரி 2 முதல் 9.5 சதவிகிதம் வரை பங்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறது அதே கொள்கை. கையெழுத்துப் போடுமுன் அதைப் படித்து விளக்க ஒருவர் அருகில் வேண்டாமா?

படிப்பை ஒரு பருவமோ ஓராண்டோ நிறுத்திவைக்கவும் கொள்கையில் வழி உண்டு. பெற்றோர் கட்டிய சம்பளமும் பையனின் பட்டமும் ஊசலாடும் இடம் இதுதான். கேட்டவுடன் சரி என்று தலையாட்டுகிற வழிகாட்டியால் பிரயோஜனமில்லை. மூன்று மாத வரவு செலவை வாங்கிப் பார்த்து, முதல் கரைகிறது என்று கண்டால், "தம்பி, கடையை மூடிவிட்டுப் பரீட்சைக்குப் படி" என்று சொல்ல வேண்டியவர் அவர்தான்.