வெள்ளை அங்கி அணிந்தவர் எல்லாம் மருத்துவரா? பதிவுச் சட்டங்கள் சொல்வது என்ன?

புதுடெல்லி: பெரிய தனியார் மருத்துவமனைகளில் உறவினரைச் சேர்த்தவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கக்கூடும். முதலில் ஒருவர் வந்து நோயின் விவரங்களைக் கேட்டறிகிறார். ரத்த அழுத்தம் பார்த்துக் குறிப்பெழுதுகிறார். அறுவை சிகிச்சை அறையில் நிபுணரின் அருகில் நிற்கிறார். மறுநாள் காலை வந்து புண்ணைப் பார்த்துக் கட்டு மாற்றுகிறார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்குகிறது. நோயாளிகள் அவரை 'டாக்டர்' என்றே அழைக்கின்றனர். ஆனால் அவர் மருத்துவர் அல்லாமல், 'ஃபிசிஷியன் அசிஸ்டெண்ட்' எனப்படும் மருத்துவர் உதவியாளராக இருக்கலாம்.

'உதவியாளர்' என்ற சொல்லே இங்கு ஒரு சிக்கல். அதைக் கேட்டதும், சீட்டு கொடுப்பவரோ வார்டு ஊழியரோதான் நம் நினைவுக்கு வருகின்றனர். இவர்களோ பட்டப்படிப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் முடித்தவர்கள். இருந்தும் சட்டத்தின் பார்வையில் இவர்களுக்கும் மருத்துவருக்கும் இடையே பெரிய வேறுபாடு உள்ளது.

மருத்துவரைப் பொறுத்தவரை விதி தெளிவானது. எம்.பி.பி.எஸ். பட்டம் மட்டும் போதாது. பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். இந்த முறை ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழமையானது. பம்பாய் மாகாணம் 1912-இலும், வங்காளமும் சென்னையும் 1914-இலும் மருத்துவர் பதிவுச் சட்டங்களை இயற்றின. அன்றைய சென்னை மாகாணச் சட்டத்தின் கீழ்தான் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இன்றும் இயங்கி வருகிறது. தேசிய அளவிலான சட்டம் 1933-இல் வந்தது. அதன் இடத்தை 1956-ஆம் ஆண்டுச் சட்டம் பிடித்தது. அதுவும் நீக்கப்பட்டு, 2019-இல் நிறைவேறிய தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்படி அமைந்த ஆணையம் 2020 செப்டம்பர் 25 முதல் செயல்பட்டு வருகிறது.

மத்தியில் அமைப்பு மாறினாலும், மருத்துவரைப் பதிவு செய்வதும் அவர் மீதான புகாரை முதலில் விசாரிப்பதும் மாநிலக் கவுன்சில்களின் பணியாகவே நீடிக்கின்றன. கவுன்சிலின் நடவடிக்கையை எதிர்த்து ஆணையத்தின் கீழுள்ள நன்னெறி மற்றும் மருத்துவப் பதிவு வாரியத்திடம் முறையிடலாம். இதற்கு வழிசெய்யும் 30-ஆவது பிரிவு, நடவடிக்கைக்கு உள்ளான மருத்துவரைத்தான் குறிப்பிடுகிறது. புகார் கொடுத்த நோயாளியைப் பற்றி அதில் பேச்சே இல்லை. இது சட்டத்தின் குறை என்றே சொல்ல வேண்டும்.

பதிவு இல்லாமல் மருத்துவம் பார்ப்போருக்கான தண்டனை கடுமையாகியுள்ளது. பழைய சட்டத்தில் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்றிருந்தது. புதிய சட்டத்தின் 34-ஆவது பிரிவில் சிறைக்காலம் மாறவில்லை. அபராதம் மட்டும் 5 லட்சம் ரூபாய் வரை உயர்ந்துள்ளது. மருத்துவச் சான்றிதழில் கையெழுத்திடும் உரிமையும் பதிவு பெற்றவருக்கே உண்டு.

மருத்துவர் உதவியாளர் எங்கே நிற்கிறார்?

அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் 1965-இல் தொடங்கிய இப்படிப்பு, இந்தியாவுக்குச் சென்னை வழியாக வந்தது. இதய அறுவை சிகிச்சை நிபுணர் கே.எம்.செரியனின் முயற்சியால் 1992-இல் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனையில் முதல் பயிற்சி தொடங்கியது. பின்னர் பல பல்கலைக்கழகங்கள் இதைப் பட்டப்படிப்பாக்கின. ஆயினும் ஏறக்குறைய 30 ஆண்டுகள் இவர்களுக்கென நாடு தழுவிய பதிவேடு இல்லை. தவறு செய்தவரின் பெயரை நீக்குவதற்குக்கூடப் பதிவேடு இருந்தால்தானே?

அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தது, துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர்களுக்கான 2021-ஆம் ஆண்டின் தேசிய ஆணையச் சட்டம். இதன் அட்டவணையில் உள்ள 50-க்கும் மேற்பட்ட தொழில்களில் 'ஃபிசிஷியன் அசோசியேட்' என்ற பெயரில் இப்பணியும் இடம்பெற்றுள்ளது. சுகாதாரத் தொழில்முறையாளர் எனக் கருதப்பட, மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் குறைந்தது 3,600 மணி நேரம் கொண்ட பட்டப்படிப்பு தேவை. மத்திய ஆணையமும் மாநிலக் கவுன்சில்களும் பதிவேடுகளைப் பராமரிக்க வேண்டும். ஆனால் கவுன்சில்களை அமைப்பதில் மாநிலங்கள் காட்டிய தாமதத்தால் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது; சட்டத்தை இரண்டு மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்துமாறு 2024 ஆகஸ்டில் நீதிமன்றம் உத்தரவிட்டது.

பதிவு கிடைத்தாலும் மருத்துவர் உதவியாளர் தாமாக மருந்துச்சீட்டு எழுத முடியாது. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளின்படி, ஆன்டிபயாடிக் உள்ளிட்ட 'எச்' அட்டவணை மருந்துகளைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின் பேரிலேயே விற்கலாம். நோயாளிக்கான பொறுப்பு மேற்பார்வை செய்யும் மருத்துவரையே சாரும்.

அசாம் கற்றுத்தந்த பாடம்

மருத்துவர் செல்லத் தயங்கும் கிராமங்களுக்கு யாரை அனுப்புவது என்ற கேள்விக்கு அசாம் அரசு 2004-இல் ஒரு விடை கண்டது. தனிச் சட்டம் இயற்றி, ஊரக மருத்துவத்தில் மூன்றாண்டு டிப்ளமோ படிப்பைத் தொடங்கியது. படித்தவர்கள் கிராமங்களில் சில நோய்களுக்குச் சிகிச்சை அளிக்கவும், குறிப்பிட்ட மருந்துகளை எழுதவும், சிறு அறுவை சிகிச்சை செய்யவும் அனுமதி பெற்றனர். இந்திய மருத்துவச் சங்கத்தின் அசாம் கிளை வழக்குத் தொடுக்க, 2014-இல் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ரத்து செய்தது. படித்து முடித்துப் பணியிலிருந்தவர்களின் நிலை ஒரே தீர்ப்பில் கேள்விக்குறியானது. மறு ஆண்டே அரசு புதிய சட்டம் கொண்டுவந்து, மருத்துவருக்கு நிகரானவர்கள் என்று கூறாமல், சமுதாயச் சுகாதாரப் பணியாளர்களாக அவர்களை மறுபடியும் அமர்த்தியது.

உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 24 அன்று அளித்த தீர்ப்பில் பழைய சட்டம் செல்லாது, புதிய சட்டம் செல்லும் என்று கூறியது. கல்வி, அரசியல் சாசனத்தின் பொதுப் பட்டியலில் இருந்தாலும், உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மத்தியப் பட்டியலில் உள்ளது. எனவே மருத்துவர் என்ற தகுதியை மாநிலம் தனித்து உருவாக்க முடியாது. வேறொரு வகைப் பணியாளரை உருவாக்கலாம் என்பதே தீர்ப்பின் சாரம்.

இதே கேள்விக்குத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆவது பிரிவும் விடை தேடுகிறது. நவீன மருத்துவத்துடன் தொடர்புடையோருக்கு 'சமுதாயச் சுகாதார வழங்குநர்' என்ற பெயரில் வரம்புக்குட்பட்ட உரிமம் அளிக்க அது ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆரம்பச் சுகாதாரம், நோய்த்தடுப்பு ஆகியவற்றில் மட்டும் குறிப்பிட்ட மருந்துகளை அவர்கள் தாமாகவே எழுதலாம். மற்றவற்றுக்கு மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். எண்ணிக்கையும் பதிவு பெற்ற மருத்துவர்களில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மசோதா நாடாளுமன்றத்தில் இருந்த 2019 ஜூலை 31 அன்று மருத்துவர்கள் நாடு முழுவதும் 24 மணி நேரப் புறக்கணிப்பில் ஈடுபட இப்பிரிவும் முக்கியக் காரணம். போலி மருத்துவர்களுக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்துவிடும் என்பது அவர்களின் அச்சம். மருத்துவரே இல்லாத ஊரில் போலிகளிடம் செல்வதைவிட இது மேல் என்பது அரசுத் தரப்பு வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

நோயாளி எப்படி அறிவது?

மருத்துவர் தம் பதிவு எண்ணைக் கிளினிக்கில் காட்சிப்படுத்த வேண்டும். மருந்துச்சீட்டு, சான்றிதழ், கட்டண ரசீது ஆகியவற்றிலும் குறிப்பிட வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் கூறுகின்றன. அவற்றுக்கு மாற்றாக 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டதால், பழைய விதிகளே தொடர்கின்றன. சீட்டில் உள்ள எண்ணை மாநிலக் கவுன்சில் அல்லது தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளப் பதிவேட்டில் சரிபார்க்கலாம். ஆதாருடன் இணைந்த தேசிய மருத்துவப் பதிவேட்டுக்கான தளமும் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டுள்ளது. சீட்டில் எண்ணே இல்லையெனில், எழுதியவரிடமே கேட்கலாம். அதைக் கேட்பதற்கு நோயாளி தயங்க வேண்டியதில்லை.