கத்திப்பிடிக்குள் ரெசின் எப்படிப் போகிறது?

வீட்டுப் பாராங்கின் பிடி ஏன் ஆட்டம் காணுது என்று மாணவன் கேட்டால், "மட்டமான சாமான்" என்று சொல்லித் தப்பிவிடாதீர்கள், ஆசிரியர்களே. மரம் ஈரத்தை இழுத்து உப்புகிறது, காய்ந்தால் சுருங்குகிறது. நம் ஊர் வெயிலும் மழையும் அதைச் சும்மா விடுவதில்லை.

கத்திப்பிடி செய்பவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மரத்தின் நுண்துளைகளில் உள்ள காற்றை வெளியேற்றி, ரெசினை நிரப்பி, சூட்டில் இறுக வைப்பார்கள். யோசனை பழசுதான். 1838இல் ஜான் பெத்தேல் என்ற ஆங்கிலேயர், வெற்றிடமும் அழுத்தமும் கொண்டு மரத்துக்குள் கிரியோசோட் செலுத்தக் காப்புரிமை பெற்றார். இரயில் தண்டவாளத்தின் கறுத்த கட்டைகள் அந்த வழியில் வந்தவை. நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய ரப்பர் மரத்துக்கும் இதே கதைதான். வெட்டிப் போட்டால் சீக்கிரமே பூஞ்சையும் வண்டும் பிடிக்கும்; ஒரு காலத்தில் அது வெறும் விறகு. இன்று வெற்றிட அழுத்தத் தொட்டியில் போரான் உப்பு ஏற்றி, உலர்த்தி, மேசை நாற்காலியாகக் கப்பலேறுகிறது.

வீட்டில் செய்ய, ஏர்கோன் பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும் வெற்றிடப் பம்பு போதும். கலன் வெற்றிடத்துக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். சாதாரணக் கண்ணாடிப் போத்தல் உள்நோக்கி நொறுங்கும், வேண்டவே வேண்டாம். ரெசின், சூட்டில் இறுகும் மெத்தாக்ரிலேட் வகை. எபோக்சி கெட்டியானது, ஆழத்துக்குப் போகாது.

பலர் கோட்டை விடுவது உலர்த்துவதில்தான். காற்றில் நன்றாகக் காய்ந்த கட்டையிலும் இங்கே சுமார் 15 விழுக்காடு ஈரம் இருக்கும். வெற்றிடத்தில் தண்ணீர் அறை வெப்பத்திலேயே கொதிக்கும். ஈரக் கட்டையில் குமிழி நிற்கவே நிற்காது. ஆகவே 105 பாகை செல்சியஸ் சூட்டில் ஒரு நாளாவது வைத்து நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால்தான் காய்ந்தது. பிறகு மூடிய டப்பாவில் ஆற விடுங்கள். திறந்து வைத்தால் ஈரத்தைத் திரும்பக் குடிக்கும். சூட்டோடு போட்டால் ரெசின் அங்கேயே இறுகத் தொடங்கும்.

கட்டை மிதக்காதபடி பாரம் வைத்து, ரெசினில் மூழ்க விட்டு, குமிழி அடங்கும்வரை பம்பை ஓட்டுங்கள். சில மணி நேரம் ஆகும். இங்கே ஒரு தவறான எண்ணம் உண்டு: வெற்றிடம்தான் ரெசினை உள்ளே இழுக்கிறது என்பது. இல்லை. வால்வைத் திறந்ததும், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ பாரமாக அழுத்தும் வெளிக்காற்றுதான் அதை உள்ளே தள்ளுகிறது. அதனால் பம்பை நிறுத்தியதும் கட்டையை வெளியே எடுக்காமல், ஓரிரவு ஊற விடுங்கள். பிறகு அலுமினியத் தாளில் சுற்றி, சுமார் 90 பாகையில், நடுப்பகுதிவரை சூடேறும்படி வையுங்கள். சமையலுக்குப் பயன்படும் ஓவனில் இதைச் செய்யாதீர்கள். வாடை பொல்லாதது, காற்றோட்டமும் கையுறையும் கட்டாயம்.

செங்கால் போன்ற கனத்த மரத்துக்கு இத்தனை பாடு தேவையில்லை. ரெசினும் சுலபத்தில் ஏறாது.

வகுப்பில் ரெசின் வேண்டாம். ஊசி இல்லாத மருந்து ஊசிக்குழலில் தண்ணீரும் ஒரு ரப்பர் மரச்சில்லும் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை விரலால் அடைத்து உந்தியை இழுங்கள். சில்லின் முனையில் குமிழி கிளம்பும். விட்டதும் தண்ணீர் உள்ளே போகும். பத்துப் பதினைந்து தடவை செய்த பிறகு, சில்லு முன்பைவிடத் தாழ்ந்து மிதக்கிறதா என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்லுங்கள்.