கல்லீரல் அனுப்பும் சேதி

கொல்கத்தாவின் ஜாதவ்பூர் 8பி பேருந்து நிலையத்துக்கு அருகே நாலு லூச்சியும் (மைதாப் பூரி) உருளைக்கிழங்குக் கறியும் சாப்பிட்டு, கடைசியில் ஒரு ரசகுல்லாவை வாயில் போட்டுக்கொள்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வெறும் வயிற்றில் அவர் ரத்தம் முழுவதிலும் இருந்த குளுக்கோஸ் 5 கிராம் அளவுதான், ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. இப்போது உள்ளே போனதோ அதைப்போல் பல மடங்கு. ஆனாலும் நோயில்லாதவருக்கு இரண்டு, மூன்று மணி நேரத்தில் அளவு பழையபடி இறங்கிவிடுகிறது.

அந்த வேலை கணையத்தில் தொடங்குகிறது. அங்குள்ள பீட்டா செல்லுக்குள் குளுக்கோஸ் நுழைந்து எரிந்ததும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி கூடுகிறது. உடனே செல் சவ்விலுள்ள பொட்டாசியம் வாயில்கள் மூடிக்கொள்கின்றன, கால்சியம் உள்ளே பாய்கிறது, இன்சுலின் நிரம்பிய நுண்பைகள் அதை ரத்தத்தில் கொட்டுகின்றன. சர்க்கரையை அளப்பதும் அதற்கு மருந்து சுரப்பதும் ஒரே செல் என்பது எத்தனை முறை படித்தாலும் வியக்க வைக்கிறது. இன்சுலின் போய்ச் சேர்ந்ததும், தசைச் செல்லுக்குள் பதுங்கியிருக்கும் குளுட்-4 என்ற புரதம் மேற்பரப்புக்கு வந்து குளுக்கோஸுக்கு வழிவிடுகிறது. கல்லீரல் தன் பங்கைக் கிளைகோஜனாகச் சேமிக்கிறது.

இரவில் அந்தச் சேமிப்பை அவிழ்ப்பது கணையத்தின் ஆல்பா செல்கள் சுரக்கும் குளுக்ககான் என்ற ஹார்மோன். விடியும் நேரத்தில் கார்ட்டிசால் ஹார்மோனும் சேர்ந்துகொள்ளும். இரவு பத்தியமாக இருந்தும் காலையில் சர்க்கரை கூடிவிட்டதே என்று நொந்துகொள்ளும் நீரிழிவு நோயாளிகள் பலர்; அது அவர்கள் குற்றமல்ல.

இரண்டாம் வகை நீரிழிவில் சிக்கல் வேறு. இன்சுலின் இருக்கும், செல்கள் அதற்குச் செவிசாய்க்காது. ஏன்? ஜாதவ்பூரில் உள்ள இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்த சமீர் பட்டாச்சார்யா, பின்னர் சாந்திநிகேதன் விசுவபாரதியில் தம் குழுவினருடன் இந்தக் கேள்வியைத் தொடர்ந்தார். 2012இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் விடையின் முக்கியமான பகுதி வெளிவந்தது. கல்லீரல் சுரக்கும் ஃபெட்யூயின்-ஏ என்ற புரதம் கொழுப்பு அமிலங்களை ஏந்திச் சென்று, கொழுப்புச் செல்லின் டிஎல்ஆர்-4 ஏற்பியில் சேர்க்கிறது. நோய்க்கிருமியின் வரவை உணர்வதற்கென்றே இருக்கும் ஏற்பி அது. கிருமியே இல்லாமல் அழற்சி மூள்கிறது. இன்சுலினின் சேதி பாதியில் தடைபடுகிறது. கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்த எலிகளில் ஃபெட்யூயின்-ஏ உற்பத்தியைக் குறைத்தபோது அந்த அழற்சிச் சேதியும் குறைந்தது. சர்க்கரையைச் சேமித்துக் காக்கும் கல்லீரலே இடையூறையும் அனுப்புகிறது என்பதால்தான், வெறும் இனிப்பை மட்டும் பழி சொல்வது எனக்குப் போதாததாகத் தோன்றுகிறது.

இன்சுலினுக்குச் செவிசாய்க்காத தசையிலும் இன்னொரு வழி திறந்தே இருக்கிறது. நடக்கும்போது தசை சுருங்கி விரிவதாலேயே, இன்சுலின் சொல்லாமலே, குளுட்-4 மேலே வந்து குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும்.